நாட்சம்பளமும் மாதத் தவணையும்

வீட்டுக் கடன் பெற்றவர் தவணை தவறினால், அதற்குரிய காரணத்தை அவருடைய குணத்தில் தேடுவது கடன் கொடுக்கும் நிறுவனங்களின் நெடுநாள் வழக்கம். ஊதாரித்தனம், குடி, அலட்சியம் என்ற மூன்று சொற்களுக்குள் பெரும்பாலான விளக்கங்கள் அடங்கிவிடுகின்றன. பதுளை மாவட்டத்தின் தேயிலைத் தோட்டங்களில் 1990களின் பிற்பகுதியிலிருந்து வீட்டுக் கடன் பெற்ற குடும்பங்களை அருகிருந்து கண்டவர்களுக்கு இவ்விளக்கம் நிறைவளிப்பதில்லை. அக்குடும்பங்களில் மிகப் பல கடனைக் கட்ட விரும்பின, கட்டத் தொடங்கின, சில ஆண்டுகள் தவறாமல் கட்டியும் வந்தன. பின்னர் ஏதோ ஒரு மாதத்தில் பின்தங்கின. சம்பளம் நாளால் கணக்கிடப்பட, தவணை மாதத்தால் கணக்கிடப்பட்டதும், கடன் கட்டியவரின் கைக்கு வீட்டின் உரிமை வந்து சேராததுமே அப்பின்னடைவின் முதன்மைக் காரணங்கள் என்பது, பசறைப் பகுதித் தோட்டம் ஒன்றின் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதிய காலத்தை நினைவுகூரும் இக்கட்டுரையாளரின் முடிவு.

வீட்டுக் கடன் என்று பொதுவாகச் சொல்லப்படுவது, வாங்கும் வீட்டையோ காணியையோ ஈடாக வைத்துப் பெறும் கடனாகும். ஈடு என்பது, கடன் தீரும்வரை அச்சொத்தின்மீது கடன் கொடுத்தவருக்கு இருக்கும் சட்ட உரிமை. பதுளை நகரிலோ பண்டாரவளையிலோ ஓர் ஆசிரியர் அரச ஈட்டு முதலீட்டு வங்கியில் கடன் பெறும்போது, காணி உறுதி, அதாவது உரிமையைக் காட்டும் பதிவுசெய்யப்பட்ட பத்திரம், வங்கியிடம் போய்ச் சேர்கிறது. அவர் தவறினால் சொத்து ஏலத்துக்கு வரும். தோட்டத்து வீட்டுக் கடனுக்கு இந்த அடிப்படை பொருந்தவில்லை. தோட்டத் தொழிலாளியிடம் உறுதி கிடையாது. நிலம் அரசுக்கு உரியது, குத்தகை பெருந்தோட்டக் கம்பனிக்கு உரியது. ஆகவே வீடு ஈடாக முடியாத நிலையில், தொழிலாளியின் எதிர்காலச் சம்பளமே ஈடாக்கப்பட்டது. அவர் வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் கடனுக்குப் பிணையாக நின்றது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் நிகழ்ந்தவை பெரும்பாலும் விளங்கும்.

இந்நிலைமையின் பின்னணி நீண்டது. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களுக்காகக் கட்டப்பட்ட லயங்கள், ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த ஓரறைக் குடியிருப்புகளாகும். ஒரு காம்பராவும் முன்னால் ஒரு சிறிய திண்ணையுமே ஒரு குடும்பத்தின் பங்கு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் எண்ணிக்கையால் பங்கிட்டது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகி, மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் ஒப்படைக்கப்பட்டன. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்கு மாறியது. இந்த ஒவ்வொரு மாற்றத்திலும் லயம் தோட்டத்தின் உடைமையாகவே கைமாறியது. அதில் நான்கு தலைமுறையாகக் குடியிருந்தவர்களின் பெயர் எந்த ஆவணத்திலும் உரிமையாளராக எழுதப்படவில்லை. நாடற்றிருந்தவர்களில் கடைசியாக எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது என்பதையும் இங்கே சேர்த்துக் கருத வேண்டும்.

1992இல் பெருந்தோட்ட வீடமைப்பு, சமூக நல நிதியம் உருவானது. 2002இல் அது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப் பெயர் மாறியது; தோட்டத்து மக்கள் இரண்டையும் ‘ட்ரஸ்ட்’ என்றே சொல்வர். இந்நிதியத்தின் வழியாகவும் தோட்டந்தோறும் அமைக்கப்பட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்களின் வழியாகவும் வந்த கடனே தனி வீடு என்ற எண்ணத்தை முதன்முதலாகத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது. ஏழு பேர்ச்சஸ் நிலம் ஒதுக்கப்படும் என்ற பேச்சு எழுந்தது. ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குச் சற்று அதிகம் என்பதால், ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்திலும் கோயில் முன்றிலிலும் அக்காலத்தில் வேறு பேச்சே இருக்கவில்லை எனலாம். வேறொருவருக்கு உரிய சுவரில் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டியிருந்தவர்கள், எந்தத் திசையில் வாசல் வைப்பது, சமையலறை எங்கே அமைவது, பிள்ளைகள் படிக்க ஓர் அறை கிடைக்குமா என்று தாமே தீர்மானிக்கக் கிடைத்த வாய்ப்பு அது. அந்த மகிழ்ச்சியைக் கண்டவர்கள், கடனைத் திருப்பிக் கட்டும் எண்ணமின்றி அவர்கள் கையொப்பமிட்டனர் என்று பிற்காலத்தில் எவரேனும் சொன்னால் ஏற்கமாட்டார்கள்.

கடன் தொகை கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. அத்திவாரம் முடிந்ததும் ஒரு பகுதி, சுவர் லிண்டல் மட்டத்தை எட்டியதும் ஒரு பகுதி, கூரை போட்டதும் எஞ்சியது என்பதே முறை. ஒவ்வொரு கட்டத்தையும் உத்தியோகத்தர் வந்து பார்த்துச் சான்றளித்த பின்னரே அடுத்த பகுதி விடுவிக்கப்படும். சமவெளியில் இம்முறை தடையின்றி நடக்கக்கூடும். நமுனுகுலை மலைச்சரிவிலோ மடுல்சீமையின் மேற்கணக்கிலோ, லொறி ஏறக்கூடிய இடம்வரை மட்டுமே மணலும் கல்லும் வந்திறங்கும். அங்கிருந்து மேலே தலைச்சுமையாகக் கொண்டுபோக வேண்டும், அல்லது ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டும். கடன் மதிப்பீட்டில் இச்சுமைக்கூலி உண்மையான அளவில் இடம்பெறுவதில்லை. மழை பிடித்தால் வேலை நிற்கும். வேலை நின்ற மாதங்களில் சீமெந்து விலை ஏறும். இவ்வாறாக, கூரைக்கு ஒதுக்கிய பணம் சுவரிலேயே முடிந்துபோன வீடுகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தன. அவ்வீடுகளைக் கட்டியவர்கள் நகையை அடகு வைத்தும், தெரிந்தவரிடம் கைமாற்று வாங்கியும் தகரம் வாங்கினர். ஆகவே முதல் தவணை பிடிக்கப்படும்போதே, அக்குடும்பத்தின்மீது ஒன்றுக்கு மேற்பட்ட கடன்கள் ஏறியிருந்தன. சங்கத்தின் ஏட்டில் அவற்றுள் ஒன்று மட்டுமே தெரிந்தது.

தவணை செக்ரோலில் பிடிக்கப்பட்டது. செக்ரோல் என்பது தோட்டத்தில் பதிவுபெற்ற ஒவ்வொரு தொழிலாளியின் பெயர், வேலை நாள், பறித்த கொழுந்தின் நிறை, மாதச் சம்பளம் ஆகியவற்றைக் கொண்ட பேரேடு. ஒரு நாள் வேலை செய்ததற்கான பதிவைப் ‘பேர்’ என்பர். நிர்ணயித்த நிறையைப் பறிக்க முடியாதவருக்கு ‘அரைப்பேர்’ விழும். அடுத்த மாதம் 10ஆம் திகதிக்குள் சம்பளம் வழங்கப்படும்போது, ஊழியர் சேமலாப நிதி, தொழிற்சங்கச் சந்தா, தீபாவளி முற்பணத்தின் தவணை, தேயிலைத்தூள், கோயில் காசு, மரண உதவிச் சங்கம் ஆகியவற்றுடன் வீட்டுக் கடனும் ஒரு வரியாகச் சம்பளத் துண்டில் நிற்கும். ஆரம்ப ஆண்டுகளில் அது சில நூறு ரூபாய் மட்டுமே. அத்தொகை சிறிது என்பதே கடன் கொடுத்தோரின் நம்பிக்கைக்கு ஆதாரமாயிற்று. ஆனால் தவணை பெரிதா சிறிதா என்பதை அதனுடைய அளவைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது. எல்லாப் பிடிப்புகளும் போக எஞ்சும் பணத்தில் எத்தனை நாளைக்கு அரிசியும் மாவும் வாங்கலாம் என்பதைக் கொண்டே சொல்ல முடியும்.

இதை விளக்க 2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளலாம். கூட்டு ஒப்பந்தம் என்பது தொழிற்சங்கங்களும் முதலாளிமார் சம்மேளனமும் சம்பளத்தை நிர்ணயித்துக் கையெழுத்திட்ட உடன்படிக்கை. அதன்படி நாட்சம்பளம் 620 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபாய், தேயிலை விலைப்பங்கு 30 ரூபாய். எஞ்சிய 140 ரூபாய், தோட்டம் வேலை வழங்கிய நாட்களில் 75 வீதமேனும் வேலைக்கு வந்தவருக்கு மட்டும் உரிய வரவுக் கொடுப்பனவு. ஒரு மாதத்தில் 25 நாள் வேலை வழங்கப்பட்டதாகக் கொண்டால், 19 நாள் வந்தவர் 19 நாளுக்கும் 620 ரூபாய் வீதம் 11,780 ரூபாய் பெறுவார். 18 நாள் வந்தவர் 480 ரூபாய் வீதம் 8,640 ரூபாய் மட்டுமே பெறுவார். ஒரே ஒரு நாள் காய்ச்சலில் படுத்ததால் குறைவது 3,140 ரூபாய். இக்கணக்கைச் சங்கத்தின் கூட்டங்களில் விளக்கிச் சொன்னபோதெல்லாம், கடன் நிலுவைப் பட்டியலை எடுத்து வந்த உத்தியோகத்தர்கள் அதைக் கேட்டுக்கொண்டனர்; ஆனால் தவணை முறையை மாற்றும் அதிகாரம் அவர்களிடம் இருக்கவில்லை. நிலுவை என்பது உரிய திகதியில் கட்டப்படாமல் சேர்ந்து நிற்கும் தொகை. இவ்வாறு சம்பளம் குறைந்த மாதத்திலேயே பெரும்பாலான குடும்பங்களின் முதல் நிலுவை பிறந்தது.

பதுளை மாவட்டம் அடங்கிய ஊவா மாகாணத்தின் பருவமும் இந்நிலுவைக்கு ஒரு காரணம். நுவரெலியா, ஹற்றன் பக்கத்து அனுபவத்திலிருந்து பதுளையின் அனுபவம் வேறுபடுவது இங்கேதான். தென்மேல் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வறண்ட காற்றாக இறங்குகிறது. அதைக் கச்சான் என்பர். ஜூலை முதல் செப்டெம்பர் வரையான அக்காலத்தில் கொழுந்து வளர்ச்சி தணிந்து, இலையில் தனி மணம் ஏறுகிறது; உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும் அந்த மணமே. ஏலத்தில் ஊவாத் தேயிலை நல்ல விலைக்குப் போகும் அதே மாதங்களில், கொழுந்து குறைந்து நிறை எட்டாமல் தொழிலாளிக்கு அரைப்பேர் விழுகிறது. நிர்ணயித்த நிறைக்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் மேலதிகப் பணமும் நின்றுபோகிறது. ஆண்டின் மூன்று மாதம் வருமானம் சரிவதை முன்கூட்டியே அறிந்திருந்தும், பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே அளவான தவணை விதிக்கப்பட்டது. விவசாயக் கடன்களில் அறுவடையை ஒட்டித் தவணை வைக்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் உண்டு. தேயிலைத் தொழிலாளிக்கு அத்தகைய சலுகை எவராலும் எண்ணிப் பார்க்கப்படவில்லை என்பது வருந்தத்தக்கது.

பிடிப்பு முதலில் நிகழ்வதால், குடும்பத்தின் சோற்றுக்கும் பிள்ளைகளின் பாடசாலைச் செலவுக்கும் மீதிப் பணமே எஞ்சும். அம்மீதி போதாதபோது வேறிடத்தில் கடன் வாங்கப்படுகிறது. முன்னர் அது கடைக்கொப்பி, சீட்டு, நகை அடகு என்ற எல்லைக்குள் நின்றது. 2010க்குப் பின்னர் நுண்நிதி நிறுவனங்களின் குழுக்கடன் லயங்களுக்கு வந்தது. சில பெண்கள் ஒன்றுசேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்று பெறும் இக்கடனைக் ‘கிழமைக் கடன்’ என்பர், ஏனெனில் அதன் தவணை வாரந்தோறும் வசூலிக்கப்படுகிறது. வசூலிப்பவர் வாசலில் வந்து நிற்பார். பணம் தராவிட்டால் குழுவின் மற்றப் பெண்கள் முன்னிலையில் அவமானம் நேரும். செக்ரோலில் பிடிக்கப்படும் வீட்டுக் கடனுக்கு வாசலில் நிற்க ஆளில்லை. வேலைக்குப் போகாவிட்டால் அதைப் பிடிக்க முடியாது. ஆகவே எந்தக் கடனை முதலில் கட்டுவது என்ற கேள்வி எழுந்த வீடுகளில், வட்டி குறைந்த, தவணை சிறிய வீட்டுக் கடன் பின்தள்ளப்பட்டு, வட்டி மிகுந்த வாரக் கடன் முன்னுக்கு வந்தது. 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தபோது, வடக்கு, கிழக்கு, வடமத்திய, வடமேல் மாகாணங்களே அதில் இடம்பெற்றன. ஊவாவின் தோட்டப் பெண்களுக்கு அந்நிவாரணம் கிட்டவில்லை.

கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கேட்டில் நிலுவைப் பெயர்களுக்கு எதிரே சிவப்பு மையில் குறிப்பெழுதுவது அக்கால வழக்கம். அக்குறிப்புகள் ஒருவகையில் தோட்டத்தின் சமூக வரலாறாகவே அமைந்தன. ‘இறந்துவிட்டார்’ என்ற குறிப்புக்குப் பின்னால், கணவன் பெயரில் மட்டும் கடன் இருந்த வீடும், காப்புறுதி எதுவுமின்றி மீதிக் கடனைத் தலையில் ஏற்ற மனைவியும் இருந்தனர். ‘பேர் வெட்டப்பட்டது’ என்ற குறிப்புக்குப் பின்னால், முதுகுவலியால் வேலைக்கு வர இயலாமற்போன பெண்ணொருவர் இருந்தார். ‘கொழும்பு’, ‘குவைத்’ என்று ஊர்ப் பெயர் மட்டும் எழுதப்பட்ட வரிகள் ஆண்டுக்காண்டு பெருகின. கொழும்புக் கடையில் வேலை செய்யும் மகன் பெற்றோருக்குப் பணம் அனுப்பினான். வளைகுடாவில் வீட்டுவேலை செய்யும் மகளும் அனுப்பினாள். அவர்கள் அனுப்பிய பணத்தைக் கடனுக்குக் கட்டப் பல தோட்டங்களில் ஒழுங்கான வழியே இருக்கவில்லை. கடன் செக்ரோலோடு பிணைக்கப்பட்டிருந்தது, அவர்களோ செக்ரோலில் இல்லை. குடும்பத்தின் வருமானம் தோட்டத்துக்கு வெளியே போய்விட்ட பின்னரும், கடனின் கணக்கு தோட்டத்துக்குள்ளேயே சம்பளத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

ஓய்வுபெற்றவர்களின் நிலை இன்னும் துயரமானது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளம் பெறுபவருக்குச் சேவைசெய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட்சம்பளம் உரியது. இதைச் ‘சர்வீஸ் காசு’ என்பர். நாளொன்றுக்கு 500 ரூபாய் அடிப்படையில் 30 ஆண்டு உழைத்தவருக்கு அது 2,10,000 ரூபாய். வாழ்நாள் முழுவதும் குனிந்து கொழுந்து பறித்த பெண்ணுக்கு ஒரே தொகையாகக் கிடைக்கும் இப்பணத்தில்தான் மகளின் திருமணமும், மருத்துவச் செலவும், எஞ்சிய காலத்தின் சாப்பாடும் அடங்க வேண்டும். வீட்டுக் கடன் நிலுவையும் அதிலேயே கழிக்கப்பட்டபோது, வீட்டுக்காக உழைத்தவர் வீட்டில் வெறுங்கையோடு அமர்ந்தார். சேமலாப நிதியும் இவ்வாறே கரைந்தது. அந்நிதியின் மீதியில் 75 வீதம் வரை பிணையாக வைத்து வீட்டுக் கடன் பெறும் ஏற்பாடு நாட்டின் எல்லா ஊழியருக்கும் உண்டு; தவணை தவறினால் கடன் கொடுத்த நிறுவனம் அந்நிதியிலிருந்தே பணத்தை எடுத்துக்கொள்ளும். தோட்டத் தொழிலாளிக்கு முதுமைக்கென்று வேறு சேமிப்பு இல்லாதபடியால், அவர் வீட்டுக்காகத் தன் முதுமையை ஈடு வைத்தார் என்று சொல்வது மிகையாகாது.

உறுதியைப் பற்றிய பேச்சு இங்கே தவிர்க்க முடியாதது. கடன் முழுவதையும் கட்டி முடித்தால் நிலத்துக்கு உறுதி கிடைக்கும் என்பதே தொடக்கத்தில் மக்கள் விளங்கிக்கொண்டது. கட்டி முடித்தவர்கள் அலுவலகத்துக்கு நடந்தனர்; தோட்ட நிர்வாகம் கம்பனியைக் காட்டியது, கம்பனி அரசாங்கத்தைக் காட்டியது, அரசாங்க அலுவலகம் நில அளவைக்குக் காத்திருக்கச் சொன்னது. ஆண்டுகள் சென்றன. முழுக் கடனையும் அடைத்தவரிடமும் உறுதி இல்லை, நிலுவையில் நின்றவரிடமும் உறுதி இல்லை என்ற நிலையில், இருவரும் ஒரே வரிசை வீடுகளில் ஒரே விதமாகக் குடியிருந்தனர். கடனைக் கட்டுவதால் என்ன வேறுபாடு விளைகிறது என்ற கேள்வியைத் தோட்டத்து இளைஞர் கேட்கத் தொடங்கியது அப்போதுதான்; அக்கேள்விக்கு நேர்மையான விடை எவரிடமும் இருக்கவில்லை. உறுதி இருந்தால் வீட்டை விற்கலாம், வங்கியில் வைத்துக் குறைந்த வட்டிக்குக் கடன் மாற்றலாம், ஓர் அறையைக் கூட்டிக் கடையும் வைக்கலாம். அதாவது, தவணை தவறும் நிலைக்கு வந்தவர் அதிலிருந்து மீளும் வழிகள் அனைத்தும் உறுதியின் வழியாகவே திறக்கும்.

குடியைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சம்பள நாளன்று மாலை பணத்தில் ஒரு பங்கு சாராயக் கடைக்கும் கசிப்புக்கும் போன வீடுகள் இருந்தன. அவ்வீடுகளில் பெண்கள் பட்ட பாடு எழுத்தில் அடங்காது. ஆயினும் செக்ரோலில் பிடிக்கப்படும் தவணை, சம்பளம் கைக்கு வரும் முன்னரே கழிந்துவிடுவது; குடிப்பவர் குடிப்பது மீதியில்தான். குடியால் வேலை நாள் குறைந்து தவணை தவறியவர்கள் உண்டு. ஆனால் சங்கத்தின் ஏட்டில் சிவப்பு மையில் எழுதப்பட்ட பெயர்களில் நோய், மரணம், ஓய்வு, இடம்பெயர்வு, கொழுந்துக் குறைவு ஆகியவற்றால் தவறியவர்களே அதிகம் என்பதை அந்த ஏட்டை எழுதிய கை நன்கு அறியும். குடியை முதற்காரணமாகச் சொல்வது எளிது. அப்படிச் சொல்லிவிட்டால் தவணையின் அமைப்பை ஆராய வேண்டிய பொறுப்பு நீங்கிவிடுகிறது.

2021ஆம், 2022ஆம் ஆண்டுகள் இவை அனைத்தையும் ஒருசேர மோசமாக்கின. 2021 மார்ச்சில் சம்பளச் சபையின் வழியாக நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. நீண்ட போராட்டத்தின் பயனாகக் கிடைத்த அவ்வுயர்வைத் தொடர்ந்து, பறிக்க வேண்டிய நிறை கூட்டப்பட்டதாகவும் வேலை நாட்கள் குறைக்கப்பட்டதாகவும் பல தோட்டங்களிலிருந்து முறைப்பாடு எழுந்தது. அதே ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நாட்டின் தேயிலை உற்பத்தி 2021இல் ஏறத்தாழ 29.9 கோடிக் கிலோவாக இருந்து, 2022இல் 25.1 கோடிக் கிலோவாகச் சரிந்தது. அச்சரிவு தோட்டத்தில் அரைப்பேராக வந்து விழுந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியபோது, ரொட்டியை நம்பி வாழும் லயத்தில் ஒரு கிலோ கோதுமை மாவின் விலை 400 ரூபாயை ஒட்டி நின்றது. ஒரு மூடை சீமெந்தின் விலையும் மூவாயிரத்தைத் தொட்டதால், பாதியில் நின்ற வீடுகள் பாதியிலேயே நின்றன. அந்த மாதங்களில் தவணையைப் பற்றிக் கேட்பதற்குச் சங்க உறுப்பினர்களே கூச்சப்பட்டனர்.

நகரத்தில் வேறொரு விதத்தில் அதே துன்பம் நிகழ்ந்தது. பதுளையிலும் ஹாலி-எலையிலும் மாதச் சம்பளம் வாங்கும் அரச ஊழியர்கள், சந்தை வட்டியோடு ஏறியிறங்கும் மாறும் வட்டியில் கடன் பெற்றிருந்தனர். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளியால் உயர்த்தியது. 20 ஆண்டுக்குப் பெற்ற 30 இலட்சம் ரூபாய்க் கடனுக்கு வட்டி 10 வீதமாக இருந்தால் மாதத் தவணை ஏறத்தாழ 28,950 ரூபாய்; அதுவே 20 வீதமானால் ஏறத்தாழ 50,965 ரூபாய். சம்பளம் அதே நிலையில் நின்றது. 2008இல் அமெரிக்காவில் இலட்சக்கணக்கானோர் வீட்டை இழந்ததிலும், தொடக்கத்தில் குறைவாக இருந்து பின்னர் உயர்ந்த வட்டிக்குப் பங்குண்டு. அவ்வனுபவத்தை ஆராய்ந்த பொருளியலாளர் பலர், வருமானம் திடீரென்று வீழ்வதும், வீட்டின் பெறுமதி கடனைவிடக் குறைந்து விற்றும் மீள முடியாமற்போவதும் ஒன்றுசேரும்போதே தவணை தவறுதல் பரவலாகிறது என்று கண்டனர். ஊவாத் தோட்டத்தில் இவ்விரண்டாவது நிபந்தனை முதல் நாளிலேயே நிறைவேறியிருந்தது: உறுதியற்ற வீட்டுக்குச் சந்தையில் விலையே கிடையாது.

மண்ணின் ஆபத்தும் சேர்ந்துகொண்டது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. உயிர் தப்பியவர்கள் பூணாகலையில் கைவிடப்பட்டிருந்த தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நீண்ட காலம் தங்கியிருந்து, 2016இல்தான் புதிய வீடுகளுக்குப் போயினர். அதன்பின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைகள் பல சரிவுகளுக்கு வந்தன. பாதிக் கடன் கட்டிய வீட்டில் விரிசல் கண்டு, அங்கிருந்து வெளியேறும்படி பணிக்கப்பட்ட குடும்பத்திடம் மீதிக் கடனைக் கேட்பதற்கு எந்த அறமும் இடம் தராது. 2023 மார்ச்சில் பூணாகலைக் கபரகலையில் மீண்டும் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தை நாட்டிலேயே மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்றாக்கியது. வீடு மண்ணுக்குள் போன பின்னரும் ஏட்டில் கடன் நிற்கும் நிலை, காப்புறுதியைக் கடனோடு சேர்த்தே வழங்காததன் விளைவு.

அண்மைக் காலத்தில் வீடுகள் பெரும்பாலும் கொடையாக வருகின்றன. இந்திய அரசின் உதவியில் மத்திய, ஊவா மாகாணங்களில் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்த மேலும் 10,000 வீடுகளும் கடனின்றி வழங்கப்படுபவை. இவ்வீடுகளைப் பெறுவோரில் ஒரு தொகுதியினருக்கான வீட்டுரிமைச் சான்றுகள் 2025 அக்டோபரில் பண்டாரவளையில் கையளிக்கப்பட்டன. இது வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் முன்னர் கடன் பெற்று, பட்டினி கிடந்து தவணை கட்டியவர்களின் கணக்கு இதனால் தீர்ந்துவிடாது; தோட்டத் துறையில் மூன்றில் ஒருவர், சரியாகச் சொன்னால் 33.8 வீதத்தினர், வறுமைக்கோட்டின்கீழ் வாழ்வதாக 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமானக் கணக்கெடுப்பு காட்டிய நாட்டில், பழைய நிலுவைகளைப் பழைய ஏட்டின்படியே வசூலிப்பது நியாயமாகாது.

2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கென ஒரு புதிய கிராம அபிவிருத்தி அதிகார சபை அமைக்கப்பட்டது. அச்சபை தோட்டங்களின் வீட்டுக் கடன் ஏடுகளை வரவழைத்து, முழுக் கடனையும் கட்டி முடித்தவர்களுக்கு முதலில் உறுதி வழங்க வேண்டும்; இறந்தோர், ஓய்வுபெற்றோர், மண்சரிவில் வீடிழந்தோர் பெயரில் நிற்கும் நிலுவையை நீக்க வேண்டும்; எஞ்சியோருக்குத் தவணையைப் பேர் விழுந்த நாட்களின் அளவுக்கேற்ப மாற்றி, செக்ரோலுக்கு வெளியே உழைக்கும் பிள்ளைகளும் பணம் கட்ட வழி செய்ய வேண்டும். அந்த ஏடுகளில் பல இன்னும் தோட்ட அலுவலகங்களின் அலுமாரிகளில் இருக்கின்றன. அவற்றில் உள்ள பெயர்களுக்குரியவர்களில் மூத்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இறந்து வருகின்றனர். ஆகவே இவ்வேலையை இனியும் தள்ளிப்போடலாகாது.